ஆட்டக் கதையில் எதிர்த்தலைவன்

மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டிப் பலர் கூடிப் புனையும் ஆட்டக் கதையில் எதிர்த்தலைவனுக்குரிய இடம் யாது? 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' ஆட்டத்தின் தொடக்கக் கதைகளில், பகைவர் பெரும்பாலும் நிலவறையில் வெட்டுப்படக் காத்திருக்கும் பூதங்களே. 1983இல் திரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதியர் இயற்றிய 'ரேவன்லாஃப்ட்' இக்குறையை நீக்கிற்று.

அதன் எதிர்த்தலைவன் ஸ்டிராடு, தம்பிக்கு உரியவளை விரும்பி, மணநாளன்றே தம்பியைக் கொன்றவன். அவளோ கோட்டை மதிலினின்று குதித்து மாண்டாள். குருதி குடிக்கும் பேயாகிச் சாகாது வாழும் அவன், ஆடுவோரைத் தானே தேடி வருகிறான். அவனது நோக்கத்தைக் குறிச்சீட்டுகளே முடிவு செய்தலின், ஆட்டந்தோறும் அவன் புதியவன்.

இத்துயரக் கதை தீமைக்குப் பரிவு தேடுவதன்றோ எனச் சிலர் வினவலாம். அன்று. அவன் அன்பென்று கருதியது வேட்கையே என்பதை அவன் செயலே காட்டிவிடுகிறது. வலிமை மிக்க பூதத்தை வென்றதும் மறப்போம்; நாம் இரங்கியும் மன்னிக்க இயலாதவனே நெஞ்சில் நிலைப்பான்.