உரிமையாளரே வேலைநிறுத்தம் செய்யலாமா? காஸ்மிரின் மொந்த்ராகோன் புத்தகத்தை முன்வைத்து

தொழிலாளர்களே உரிமையாளர்களாக இருக்கும் நிறுவனங்களைப் பற்றி எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் ரெண்டாவது பத்திக்குள் மொந்த்ராகோன் வந்துவிடும். ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் பகுதியில், மலைகளுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர். அங்கே தொடங்கிய கூட்டமைப்பில் இன்றைக்கு எண்பது கூட்டுறவுகள், ஏறத்தாழ 70,000 பேர் வேலை. "முதலாளி இல்லாம தொழிற்சாலை ஓடுமா?" என்று யாராவது கேட்டால், "ஏன், மொந்த்ராகோன் ஓடலையா?" என்பதுதான் வழக்கமான பதில்.

அந்தப் பதிலை அப்படியே விடாமல் கிளறிப் பார்த்த புத்தகம் ஒன்று இருக்கிறது. அமெரிக்க மானுடவியலாளர் ஷாரின் காஸ்மிர் 1996இல் வெளியிட்டது. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'மொந்த்ராகோன் என்னும் கட்டுக்கதை'. தலைப்பு கொஞ்சம் ஏமாற்றும். அங்கே கூட்டுறவே கிடையாது, எல்லாம் பொய் என்று அவர் சொல்லவில்லை. அவர் கேட்பது வேறு: உனக்கு ஓட்டு இருக்கிறது, சரி, மேலாளர் சொல்வது தப்பு என்று இயந்திரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு உன்னால் சொல்ல முடிகிறதா?

புத்தகத்துக்குள் போகும் முன் ஒரு சின்ன விளக்கம். கூட்டுறவு என்றதும் நம்மில் பலருக்கு நகைக்கடன், உரக்கடன், ரேஷன் கடை, அதிகாரி வராததால் தள்ளிப்போன சங்கத் தேர்தல் என்றுதான் ஞாபகம் வரும். இது அது இல்லை. இங்கே உறுப்பினர் என்றால் அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். சேரும்போது ஒரு தொகையை மூலதனமாகப் போடணும். லாபத்தில் அவர் பங்கு அவர் பெயரில் கணக்கில் சேரும், விலகும்போது கிடைக்கும். பொதுக்குழுவில் ஆளுக்கு ஒரு ஓட்டு. பொதுக்குழு நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும், நிர்வாகக் குழு மேலாளரை நியமிக்கும். சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. அடிமட்டத்துக்கும் உச்சத்துக்கும் இடையே ஆரம்பத்தில் மூணு மடங்குதான் வித்தியாசம், பிற்பாடு ஆறு மடங்கு வரை போனது. ஒரு பெரிய கம்பெனியின் தலைமை அதிகாரி சம்பளத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் சாதாரண விஷயம் இல்லை என்பது புரியும்.

ஆரம்பித்த கதை பலரும் சொன்னதுதான். உள்நாட்டுப் போர் முடிந்த கொஞ்ச நாளில், 1941இல், அரிஸ்மெந்தியாரியெத்தா என்ற இளம் பாதிரியார் அந்த ஊருக்கு வருகிறார். 1943இல் ஒரு தொழிற்பள்ளி தொடங்குகிறார். அதில் படித்த ஐந்து பேர் 1956இல் உல்கோர் என்ற நிறுவனத்தை ஆரம்பிக்கிறார்கள். ஐந்து பேரின் பெயர்களிலிருந்து எழுத்துகளை எடுத்துக் கோத்த பெயர் அது. முதலில் செய்தது மண்ணெண்ணெய் அடுப்பு. 1959இல் சொந்தமாக ஒரு வங்கி. ஃபாகோர் என்ற பெயரில் ஐரோப்பாவில் விற்ற குளிர்சாதனப் பெட்டிகளும் துணி துவைக்கும் இயந்திரங்களும் இந்த வழியில் வந்தவைதான்.

காஸ்மிர் எண்பதுகளின் கடைசியில் அந்த ஊரில் போய்த் தங்கியவர். மேலாளர்கள் சொல்லும் வரலாற்றை விட்டுவிட்டு மதுக்கடைப் பேச்சு, சுவரொட்டிகள், ஊர் அரசியல் என்று கவனிக்கிறார். ஃபாகோர் குழுமத்தைச் சேர்ந்த ஒரு கூட்டுறவு ஆலைத் தொழிலாளர்களையும், அதே மாதிரியான ஒரு தனியார் ஆலைத் தொழிலாளர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே கேள்விகளைக் கேட்கிறார். கம்பெனி உன்னுடையது என்று தோன்றுகிறதா? முடிவுகளில் உனக்குப் பங்கு இருக்கிறதா? கூட்டுறவு ஆலையில் உடலுழைப்பு செய்கிறவர்களிடம் அவர் எதிர்பார்த்த உற்சாகம் இல்லை. அந்த உணர்வு மேலாளர்களிடம் இருந்தது, வரிசையில் நின்று பாகங்களைப் பொருத்துகிறவர்களிடம் இல்லை.

புத்தகத்தின் உயிர் 1974ஆம் ஆண்டைப் பற்றிய பக்கங்களில் இருக்கிறது என்பது என் கருத்து. அப்போது உல்கோரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். நிர்வாகம் வேலைகளைப் புதிதாகத் தரம் பிரிக்கிறது. எந்த வேலைக்கு எத்தனை புள்ளி என்பதை வைத்துத்தான் சம்பளம். பலருக்குத் தங்கள் வேலையின் தரம் இறங்கிவிட்டதாகத் தோன்றுகிறது. சிலநூறு பேர் வேலையை நிறுத்துகிறார்கள். ஃபிராங்கோ உயிரோடிருந்த காலம், ஸ்பெயினில் வேலைநிறுத்தமே சட்டவிரோதம். ஆனால் இந்தப் போராட்டத்துக்குத் தண்டனை கொடுத்தது ஃபிராங்கோவின் போலீஸ் இல்லை, கூட்டுறவுதான். உள்விவகாரத்துக்காக வேலைநிறுத்தம் செய்தால் வெளியேற்றலாம் என்று அதன் விதியிலேயே இருந்தது. முன்னின்ற 17 பேர் நீக்கப்பட்டார்கள், மற்றவர்களுக்கு அபராதம். நீக்கம் பொதுக்குழுவுக்குப் போனது, அங்கே ஓட்டெடுப்பில் உறுதியானது. அவர்கள் திரும்பி வர வழி பிறந்தது 1978இல்தான்.

இந்த இடத்தை ரெண்டு விதமாகப் படிக்கலாம். "பெரும்பான்மை முடிவு, ஜனநாயகம்தானே" என்பது ஒன்று. வில்லியம் ஃபூட் ஒயிட், கேத்லீன் கிங் ஒயிட் தம்பதி 1988இல் எழுதிய 'மேக்கிங் மொந்த்ராகோன்' கிட்டத்தட்ட இப்படித்தான் போகும். அவர்கள் மறைக்கவில்லை, நியாயமாகவே எழுதுகிறார்கள். உறுப்பினர் எண்ணிக்கை அளவுக்கு மீறிப் பெருகியதால் வந்த நோய் அது, அதிலிருந்து பாடம் கற்றார்கள் என்பது அவர்கள் வாசிப்பு. காஸ்மிர் இதை நோயாகப் பார்ப்பதில்லை. உடம்பே அப்படி என்கிறார். நீதான் உரிமையாளர் என்று சொல்லிவிட்ட பிறகு, நீ யாரை எதிர்த்து நிற்கிறாய் என்ற கேள்வி வந்துவிடுகிறது. எதிர்ப்பதே துரோகமாக மாறுகிறது. தனியார் ஆலையில் முதலாளியோடு சண்டை போடுகிறவனுக்கு, சண்டை போட்டான் என்பதற்காகச் சக தொழிலாளிகள் ஓட்டுப் போட்டு வெளியே அனுப்பும் கதி வராது.

தொழிலாளர் குரலுக்கென்று மொந்த்ராகோனில் தனி அமைப்பு உண்டு, சமூகக் குழு என்று பெயர். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அதில் இருப்பார்கள். சம்பளம், பாதுகாப்பு பற்றியெல்லாம் பேசலாம், ஆலோசனை சொல்லலாம். ஆனால் முடிவெடுக்க முடியாது. கீழிருந்து குரலை மேலே கொண்டுபோக வேண்டிய குழு, மேலே எடுத்த முடிவைக் கீழே விளக்கிச் சொல்லும் குழுவாக ஆகிவிட்டது என்ற குறை மொந்த்ராகோனுக்குள்ளேயே நெடுங்காலமாக உண்டு. ஒயிட் தம்பதியும் அதன் பலவீனத்தை ஒப்புக்கொள்கிறார்கள். பக்கத்துத் தனியார் ஆலையில் என்ன இருந்தது? தொழிற்சங்கங்கள். தாங்கள் எந்தப் பக்கம் என்பதில் அவற்றுக்குக் குழப்பம் இல்லை.

காஸ்மிரோடு எனக்கு ஒத்துப்போகாத இடங்களும் உண்டு. முதலாவது, ரெண்டு ஆலைகளில் சிலரிடம் கேட்டதை வைத்துக்கொண்டு மொத்த அமைப்பையும் அளக்கிறார். ஒரு மானுடவியல் ஆய்வில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் தலைப்பு அந்த அளவுக்கு அடக்கமாக இல்லை. ரெண்டாவதுதான் முக்கியம். வேலை போகாது என்ற நிச்சயத்துக்கு அவர் உரிய மதிப்பு தரவில்லை. எண்பதுகளின் நெருக்கடியில் பாஸ்க் பகுதியின் தனியார் ஆலைகள் ஆட்களைக் குறைத்துக்கொண்டே போனபோது, கூட்டுறவுகள் தங்கள் சம்பளத்தைத் தாங்களே ஓட்டுப் போட்டுக் குறைத்துக்கொண்டன. உபரி ஆட்களை ஒரு கூட்டுறவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றின. "கம்பெனி என்னுடையது"ங்கிற உணர்வு இல்லாமல் போகலாம். மாசக் கடைசியில் சம்பளம் வருவது உணர்வு இல்லீங்க, சோறு.

ஆனால் அந்த நிச்சயம் யாருக்கு என்று கேட்டால் காஸ்மிர் மறுபடியும் ஜெயிக்கிறார். அதுவும் புத்தகம் வெளிவந்து பதினேழு வருஷம் கழித்து. ஃபாகோர் வீட்டுப் பொருள் நிறுவனம் போலந்தில் ஒரு ஆலையை வாங்கியது. 2005இல் பிரான்சின் பிராண்ட் நிறுவனத்தையும் வாங்கியது. அங்கெல்லாம் வேலை செய்தவர்கள் கூட்டுறவின் உறுப்பினர்கள் இல்லை, சாதாரணச் சம்பளக்காரர்கள். பொதுக்குழுவில் ஓட்டு கிடையாது. 2008இல் ஸ்பெயினின் வீட்டுச் சந்தை விழுந்ததும் அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் வாங்க ஆள் இல்லை. 2013 இலையுதிர்காலத்தில், இனியும் பணம் போட முடியாது என்று மற்ற கூட்டுறவுகள் கைவிரித்தன. ஃபாகோர் திவாலானது. ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்த நிறுவனம் அது. பாஸ்க் உறுப்பினர்களில் பெரும்பாலோரை மற்ற கூட்டுறவுகள் ஏற்றுக்கொண்டன, இல்லையென்றால் முன்கூட்டிய ஓய்வு கிடைத்தது. போட்ட மூலதனம் போனது போனதுதான், அது பெரிய அடி. போலந்துத் தொழிலாளிக்கு அந்தக் கதவுகூட இல்லை. தன் ஆலையை வாங்குவதிலும் அவரிடம் யாரும் கேட்கவில்லை, கைவிடுவதிலும் கேட்கவில்லை. அவரைப் பொறுத்தவரை மொந்த்ராகோன் இன்னொரு வெளிநாட்டு முதலாளி, அவ்வளவுதான்.

அப்படியானால் கூட்டுறவும் தொழிற்சங்கமும் ஒரே கூரைக்குள் இருக்க முடியாதா? முடியும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே, கண்ணூரில், உதாரணம் உண்டு. பீடித் தொழிலாளர் சட்டத்தை 1968இல் கேரளம் அமல்படுத்தப் போனபோது மங்களூர் முதலாளிகள் ஆலைகளை மூடினார்கள், பல ஆயிரம் பேர் தெருவுக்கு வந்தார்கள். அதற்குப் பதிலாக 1969இல் பிறந்தது கேரள தினேஷ் பீடி கூட்டுறவு. ஒரு காலத்தில் முப்பதாயிரத்துக்கும் மேல் தொழிலாளர்கள். தாமஸ் ஐசக், ரிச்சர்ட் ஃபிராங்கி, பியாரலால் ராகவன் மூவரும் 1998இல் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஐசக் பின்னால் மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் கேரள நிதியமைச்சர் ஆனவர். அனுதாபத்தோடுதான் எழுதுகிறார்கள், அதை மனதில் வைத்துப் படிக்கணும். ஆனாலும் அவர்கள் காட்டும் ஒரு விஷயம் காஸ்மிர் வாசகருக்கு உறைக்கும். அங்கே சங்கங்கள் கலையவில்லை. கூட்டுறவைப் பிறப்பித்த சங்கங்களே உள்ளே இருந்து சம்பளத்துக்கும் சலுகைக்கும் பேரம் பேசின. உறுப்பினர் அட்டையும் சங்க அட்டையும் ஒரே சட்டைப் பையில். இதிலும் சிக்கல் உண்டு. சங்கத்தின் மேல் கட்சி, கட்சியின் மேல் அரசு என்று போகும்போது எந்த எதிர்ப்பு எவ்வளவு தூரம் போகும் என்பது வேறு கேள்வி. தவிர, தினேஷ் பீடியைச் சுருக்கியது உள்சண்டை இல்லை, பீடியே சுருங்கியதுதான். ஆனால் சங்கம் இருந்ததால் கூட்டுறவு உடைந்துவிடவில்லை என்பது உறுதி. மொந்த்ராகோனில் எல்லோரும் பயந்தது அதற்குத்தானே?

2022 டிசம்பரில் ஓரோனா, உல்மா என்ற ரெண்டு பெரிய கூட்டுறவுகள் மொந்த்ராகோன் கூட்டமைப்பைவிட்டு விலகின. ரெண்டிலும் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத்தான் விலகினார்கள். நல்ல லாபத்தில் ஓடியவை, அடுத்த ஃபாகோருக்குப் பணம் போடும் நிலைமை வந்தால் முதலில் கை நீட்டப்படுவது அவற்றிடம்தான். காஸ்மிர் இன்னொரு அத்தியாயம் எழுதினால் இங்கிருந்து தொடங்கலாம்.

படிக்க நினைக்கிறவர்களுக்கு: ஒயிட் தம்பதியை முதலில் படிச்சிடுங்க. அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை அவர்கள் அளவுக்குத் தெளிவாகக் காஸ்மிர் சொல்வதில்லை, வாசகருக்கு ஏற்கெனவே தெரியும் என்று எடுத்துக்கொள்கிறார். பிறகு ரெண்டு புத்தகத்திலும் 1974 வேலைநிறுத்தப் பக்கங்களை மட்டும் அடுத்தடுத்து வைத்துப் படிங்க. அதே ஆலை, அதே 17 பேர்.