மணியும் கோவையும்

அகநானூற்றின் மூன்று பகுதிகளுள் இரண்டு, அணிகலன் கோக்கும் தொழிலினின்றும் பெயர் பெற்றன. 121 முதல் 300 வரையுள்ள பாக்கள் மணிமிடைபவளம். 301 முதல் 400 வரையுள்ளவை நித்திலக்கோவை. முன்னது நீலமணியும் பவளமும் விரவிய மாலை. பின்னது ஓரினமாகிய முத்துக்களின் மாலை. செய்யுளும் பொருளும் ஒவ்வாமையின் முன்னதும், ஒத்தலின் பின்னதும் இப்பெயர்களைப் பெற்றன என்பர். இவ்விளக்கம் பொருந்துமா என ஆராய்தல் எம் நோக்கம்.

கோவைத் தொழிலில் ஒப்பு என்பது யாது என முதற்கண் அறிதல் வேண்டும். உப்பளங்கள் மலிந்த மரக்காணத்தைச் சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் எனக் கொள்வர் அறிஞர் பலர். அக்கடற்கரையின் தெற்கே, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் வீலர் அகழாய்வு நிகழ்த்தினார். பண்டை நாளில் கண்ணாடி மணி செய்த பட்டினம் அது. உருகிய கண்ணாடியைப் புழையுடைய நீண்ட குழலாக இழுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, சாம்பலொடு மீளச் சூடேற்றி விளிம்பை மழுக்கி, சலித்துத் தரம் பிரித்துக் கோத்தல் அத்தொழிலின் முறை. ஆந்திர நாட்டுப் பாபநாயுடுபேட்டையில் நெடுங்காலம் நிலைத்த தொழிலைக் கொண்டு பீட்டர் பிரான்சிசு இதனை விளக்கினார். ஒரே குழலினின்று நறுக்கிய மணிகளும் அளவால் வேறுபடும். ஆகவே, ஒப்பு உலையிற் பிறப்பதன்று. தெரிந்து கோக்கும் கையிற் பிறப்பது. முத்தும் பவளமும் கடல் தருவன, பாட்டோ கைவினை. ஆதலின் கண்ணாடி மணியே பாட்டுக்கு ஏற்ற உவமை என்க.

இனி நூலை நோக்குவாம். ஒற்றைப்படை எண் பெற்ற பாக்கள் பாலை. 2, 8 என முடிவன குறிஞ்சி. 4 என முடிவன முல்லை. 6 என முடிவன மருதம். பத்து, இருபது என வருவன நெய்தல். மூன்று பகுதிகளின் தொகையாகிய 120, 180, 100 என்பன பத்தால் வகுபடுதலின், திணைகளின் வீதம் எப்பகுதிக்கும் ஒன்றே. எனவே திணை பற்றி ஒன்று ஒத்தது, ஒன்று ஒவ்வாதது எனல் இயலாது.

பாடுபொருள் பற்றியேனும் இயலுமோ எனின், அம்மூவனார் பாடிய 140, 390ஆம் நெய்தற் பாக்களை ஒப்பிடுக. இரண்டிலும் உமணர் குலப் பெண் நெல்லுக்கு நேராக உப்பை விலை கூறுகின்றாள். இரண்டிலும் தலைவன் அவள்பால் நெஞ்சிழக்கின்றான். ஒரு குழலினின்று நறுக்கிய இரு மணிகள் இவை. எனினும் ஒன்று மணிமிடைபவளத்தும், மற்றொன்று நித்திலக்கோவையுள்ளும் நிற்கின்றன. இடம் மாற்றிக் கோப்பினும் இரு மாலையும் கெடா.

இரு பாக்கள் 280 பாக்களின் இயல்பைக் காட்டுமோ என வினவலாம். முழுதும் காட்டா, ஆயின் திணை வைப்பு அனைத்துக்கும் பொது. புலவர் மணி செய்தனர். தொகுத்த உருத்திரசன்மர் கோத்தார். ஒவ்வாமை என்னும் சொல்லைப் பற்றி மணிமிடைபவளத்துக் குறை காணல் முறையன்று என்பது எம் துணிபு. ஏனைய பாக்களையும் இவ்வாறு இணைத்து நோக்குதல் ஆய்வு மாணவர் கடன்.