ஐந்து நிமிடக் கோடீஸ்வரர்கள்

உங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. 'சூர்யவம்சம்' பார்க்காதவர்கள் கை தூக்குங்கள். ஒரு கையும் காணோம், நல்லது. இப்போது கேள்வி. சின்ராசு வாங்கிய முதல் பஸ்ஸுக்கு மாதத் தவணை எவ்வளவு? கண்டக்டருக்கு என்ன சம்பளம்? இரண்டாவது பஸ் வாங்கியபோது முதல் பஸ்ஸின் கடன் அடைந்திருந்ததா?

முழிக்கிறீர்கள். அந்தப் படத்து இட்லி உப்புமா ஞாபகம் இருக்கிறது, 'லாலா லாலா' கோரஸ் ஞாபகம் இருக்கிறது, தேவயானி கலெக்டராகி வந்தது ஞாபகம் இருக்கிறது. கடன் மட்டும் ஞாபகம் இல்லை. தப்பு உங்கள் மேல் இல்லை. ஒரு பாட்டு ஆரம்பித்தது, ஒரு பஸ் வந்தது. பாட்டு முடிவதற்குள் ஒரு கம்பெனியே வந்துவிட்டது. நடுவில் கணக்குக் கேட்க யாருக்கு நேரம்?

தமிழ் சினிமாவில் சண்டை, காதல், காமெடி மாதிரி இதுவும் ஒரு தனி ஐட்டம். ஹீரோ அவமானப்படுவார். கண் சிவக்கும். தொடை தட்டி ஒரு சவால். உடனே டிரம்ஸ் அதிரும். கையில் கடப்பாரை, அடுத்த ஷாட்டில் செங்கல், அதற்கடுத்த ஷாட்டில் கட்டடம், கடைசியில் கோட் சூட், கார், கதவைத் திறந்துவிட ஒரு டிரைவர். நெற்றியோரம் லேசாக நரை. மொத்தம் ஐந்து நிமிடம்.

இந்தப் பாட்டுகளுக்கு நான் பரம ரசிகன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு வம்பு வேண்டாம். 1992-ல் 'அண்ணாமலை' வந்தபோது எனக்கு அரை டிராயர் வயது. பால்காரர் வீடு இடிபட்டு, கொட்டுகிற மழையில் நண்பனிடம் ரஜினி சவால் விடுகிற காட்சியில் தியேட்டரில் ஒரு நிமிடம் விசிலே இல்லை. எல்லோருக்கும் தொண்டை அடைத்துக்கொண்டது. அதற்கப்புறம் அவர் முன்னேற முன்னேற, பெஞ்ச் டிக்கெட்டிலிருந்து பால்கனி வரை அத்தனை பேரும் கூடவே முன்னேறினோம். வெளியே வந்தால் சைக்கிள் டோக்கனுக்கு அம்பது காசு இல்லை. அது வேறு விஷயம்.

பிற்பாடு நான் பி.காம். சேர்ந்தேன். அங்கே பிடித்தது சனி. அக்கவுண்டன்சி படித்தவனை நம்பி சினிமாவுக்குக் கூட்டிப் போகாதீர்கள். டாக்டர் கல்யாண விருந்தில் கொலஸ்ட்ரால் பற்றிப் பேசுகிற மாதிரி ஆகிவிடும். மாடு என்றால் மற்றவர்களுக்குப் பால் ஞாபகம் வரும், எனக்கு டிப்ரிசியேஷன் ஞாபகம் வந்தது. பெரிய கட்டடத்தைக் காட்டினால், 'இது சொந்த முதலா, பேங்க் கடனா?' என்று உள்ளே ஒரு குரல் கேட்டது.

'படையப்பா'வை எடுத்துக்கொள்ளுங்கள். 1999. சொத்தெல்லாம் பறிபோய், மிச்சமிருந்த பொட்டல் நிலத்தில் கிரானைட் கிடைக்கிறது. பாட்டு. படையப்பா பெரிய மனிதர். நான் கைதட்டினேன், சத்தியமாகத் தட்டினேன். ஆனால் உங்கள் பட்டா நிலமாகவே இருந்தாலும் கிரானைட்டை வெட்டி எடுக்க அரசாங்க அனுமதி வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கென்று 1959-லிருந்தே சிறு கனிம விதிகள் இருக்கின்றன. குத்தகை, சீனியரேஜ், எத்தனை கன மீட்டர் வெட்டினோம் என்ற கணக்கு என்று அது ஒரு தனி உலகம். அந்த உலகத்தின் நிஜமான கதையை 2012-ல் மதுரை மாவட்ட கிரானைட் முறைகேட்டுச் செய்திகளில் படித்தோம். அதில் பாட்டு எதுவும் இல்லை.

"சினிமாதானே சார்? ஒருத்தர் இருபது பேரை அடிக்கிறார், அதை ஒத்துக்கொள்கிறீர்கள். ஒரு பாட்டில் பணக்காரர் ஆனால் மட்டும் ஆடிட்டராகிவிடுகிறீர்களே?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன்.

சண்டைக் காட்சியைப் பார்த்துவிட்டு யாரும் தெருவில் இறங்கி இருபது பேரை அடிப்பதில்லை. அது பொய் என்று நம் உடம்புக்கே தெரியும். பணம் அப்படியில்லை. பணத்தைப் பற்றிய பொய்யை உடம்பு கண்டுபிடிக்காது. நல்லவனாக இரு, நெஞ்சில் வைராக்கியம் வை, ஒரு நல்ல சந்தர்ப்பம் வந்தால் கப்பென்று பிடி, மிச்சம் தானாக நடக்கும் என்று அந்தப் பாட்டு சொல்வதை நாம் நிஜமாகவே நம்புகிறோம். நம்ப ஆசைப்படுகிறோம்.

இந்தப் பாட்டுகள் கோட்டும் சூட்டுமாகக் கொழித்த காலத்தைப் பாருங்கள். 1991 ஜூலையில் மன்மோகன் சிங் பட்ஜெட். கதவு திறக்கிறது. அதுவரை மாதச் சம்பளம், போஸ்ட் ஆபீஸ் சேமிப்பு, பரணில் பித்தளை அண்டா என்று இருந்த குடும்பங்களுக்கு முதல் தடவையாக 'நாமும் பணக்காரர் ஆகலாமோ' என்று தோன்றுகிறது. எப்படி ஆவது என்று சொல்லித்தர ஆள் இல்லை. சினிமா ஐந்து நிமிடத்தில் சொல்லித்தந்தது. தெருமுனையில் திறந்த ஃபைனான்ஸ் கம்பெனிகள் மூன்று வருஷத்தில் சொல்லித்தந்தன.

மூன்று வருஷக் கணக்கு எப்படி? எங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுத்த சுலப வழி இது. 72-ஐ வட்டி சதவீதத்தால் வகுத்தால், எத்தனை வருஷத்தில் பணம் இரட்டிப்பாகும் என்று தெரியும். 12 சதவீதம் என்றால் ஆறு வருஷம். 24 என்றால் மூன்று. 36 என்றால் இரண்டே வருஷம். பேங்க் ஆறு வருஷம் கேட்டது. ஃபைனான்ஸ் கம்பெனி மூன்று, சில சமயம் இரண்டுதான் கேட்டது. ஐந்து நிமிடத்துக்கே பழகியவர்களுக்கு எது பிடிக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

என் பெரியப்பாவுக்கும் பிடித்தது. 1995-ல் ரிட்டயர் ஆனார். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து வந்த பணத்தில் பெரும்பகுதியை ஒரு நிறுவனத்தில் போட்டார். பேர் வேண்டாம். ரசீதில் மகாலட்சுமி படம், வாசலில் ஏ.சி., உள்ளே போனால் கையில் காபி. ஒன்றரை வருஷம் வட்டி மணியாக வந்தது. ஒரு திங்கட்கிழமை போனால் ஷட்டரில் பூட்டு, வாசலில் இருநூறு பேர். அந்தக் காலத்தில் ஊர் ஊருக்கு இதே கதை. அதற்காகத்தான் 1997-ல் தமிழ்நாடு முதலீட்டாளர்கள் நலன் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றே கொண்டுவந்தார்கள். கேஸ் நடந்தது. பெரியப்பாவுக்கு வந்து சேர்ந்தது அசலில் ஒரு துண்டு. ரசீதுகளைப் பழைய பிஸ்கட் டின்னில் கடைசி வரை வைத்திருந்தார்.

நான் சொல்ல வந்தது அவருடைய பண நஷ்டத்தை அல்ல, அவருடைய சினிமா ரசனையை. பொங்கல், தீபாவளிக்கு டி.வி.யில் 'அண்ணாமலை' போட்டால் பெரியப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். அந்த முன்னேற்றப் பாட்டு வரும்போது கால் தாளம் போடும். 'மகாநதி' போட்டால் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். "அழுகைப் படம்டா, வேற வை" என்பார். அழுகைப் படம் என்பதனால் இல்லை. 'பாசமலர்' போட்டால் உட்கார்ந்து அழுவாரே.

'மகாநதி' 1994 பொங்கலுக்கு வந்தது. சந்தான பாரதி இயக்கம், கமல்ஹாசனோடு ரா.கி.ரங்கராஜன் சேர்ந்து எழுதிய வசனம். தமிழில் சிறந்த படம் என்று தேசிய விருது வாங்கியது. காவிரிக்கரை கிராமத்தில் நிம்மதியாக இருக்கிற கிருஷ்ணசாமி, கொச்சின் ஹனீஃபா வேஷம் போட்ட ஆளை நம்பிச் சென்னைக்கு வந்து, சிட்ஃபண்டில் கூட்டுச் சேர்கிறான். பணத்தைச் சுருட்டுகிறவன் ஒருவன், ஜெயிலுக்குப் போகிறவன் கிருஷ்ணசாமி. மகள் கல்கத்தாவின் சோனாகாச்சியில் போய்ச் சேர்கிறாள். மகன் தெருவில் வித்தை காட்டுகிறவர்களோடு.

எனக்கு இந்தப் படம் முதலில் வெறும் சோகமாகத்தான் தெரிந்தது. பி.காமில் மெர்க்கன்டைல் லா படித்தபோதுதான் விறைத்துப்போனேன். 1932-ஆம் வருஷத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், பிரிவு 25. நிறுவனத்தின் பெயரால் நடக்கிற எல்லாக் காரியத்துக்கும் ஒவ்வொரு கூட்டாளியும் சேர்ந்தும் பொறுப்பு, தனியாகவும் பொறுப்பு. கூட்டாளி உங்களுக்குத் தெரியாமல் செய்தாலும் கடன்காரன் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டலாம். பரீட்சையில் அஞ்சு மார்க் கேள்வி. அந்த அஞ்சு மார்க்குக்குள் ஒரு குடும்பம் எப்படி நாசமாகும் என்று காட்டிய படம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். கிருஷ்ணசாமி கெட்டவன் இல்லை. சோம்பேறி இல்லை. அண்ணாமலைக்கு இருந்த அதே நல்ல மனசு அவனுக்கும் உண்டு. பாட்டு மட்டும் கிடைக்கவில்லை.

அந்தப் படத்தில் ஒரு கணக்கு வருகிறது. சோனாகாச்சியில் மகளைக் கண்டுபிடித்து அவன் கதறும்போது, விட மறுக்கிறார்கள். விலை கொடுத்து வாங்கிய பெண்ணாயிற்றே. அப்போது அங்கிருக்கிற மற்றப் பெண்கள் முன்னால் வந்து, அந்தக் கடனைத் தாங்கள் சம்பாதித்து அடைப்பதாகச் சொல்லி அவளை அனுப்பிவைக்கிறார்கள். படம் பூராவும் அடுத்தவன் பணத்தை விழுங்குகிறவர்களையே பார்த்துவிட்டு, அடுத்தவர் கடனைத் தங்கள் தலையில் ஏற்றிக்கொள்கிற மனிதர்களை அங்கேதான் பார்க்கிறோம். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருக்கிறது.

பெரியப்பா ஏன் திண்ணைக்குப் போனார் என்று இப்போது புரிகிறதல்லவா? ஏமாந்தவனுக்கு 'அண்ணாமலை' ஆறுதல் சொன்னது. 'நீ நல்லவன், உன் பாட்டு இனிமேல்தான் வரப்போகிறது' என்றது. 'மகாநதி' அவருக்கு நடந்ததையே சொன்னது. ஆறுதல் சொன்னதற்காக நான் அண்ணாமலையோடு சண்டைக்குப் போகமாட்டேன். அந்த வீட்டில் அந்த ஆறுதல் தேவையாக இருந்தது. ஆனால் அடுத்த ஏமாற்றுக்காரன் வாசலில் வந்து நிற்கும்போதும் நமக்கு அதே பாட்டுதான் ஞாபகம் வருகிறது. அங்கேதான் உதைக்கிறது.

ஜாலியாகச் சொன்னால் கணக்கு எடுபடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1967-ல் கே.பாலசந்தர் 'பாமா விஜயம்' எடுத்தார். நடிகை ஒருத்தியின் முன்னால் பவிசு காட்டுவதற்காக ஒரு குடும்பமே தகுதிக்கு மீறிச் செலவு செய்து விழி பிதுங்குகிறது. வரவையும் செலவையும் வைத்தே கண்ணதாசன் ஒரு பாட்டு எழுதினார். இன்றைக்கும் மாசக் கடைசியில் அதை முணுமுணுக்காத குடும்பத் தலைவர் உண்டா? ஆக, கணக்கை வைத்தும் ஹிட் கொடுக்கலாம். வயிறு வலிக்கச் சிரிக்கவும் வைக்கலாம்.

2014-ல் எச்.வினோத்தின் 'சதுரங்க வேட்டை' வந்தபோது நான் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மண்ணுளிப் பாம்பு, எம்.எல்.எம்., ரைஸ் புல்லிங் என்று காந்திபாபு ஊரை ஏமாற்றுகிற ஒவ்வொரு வழியும் நாம் பேப்பரில் படித்தது. அவன் யாரையும் கத்தியைக் காட்டி மிரட்டுவதில்லை. எதிராளி மனசுக்குள் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிற அந்த ஐந்து நிமிடப் பாட்டுக்குத் தாளம் போடுகிறான், அவ்வளவுதான். இரண்டு வருஷம் முன்னால், 2012-ல், கொங்கு நாட்டில் ஈமு கோழி வளர்த்தால் லட்சாதிபதி என்று சொன்னபோது பணம் கட்டியவர்கள் அத்தனை பேரும் முட்டாள்கள் இல்லையே! மஞ்சளும் கரும்பும் பயிரிட்டுக் கணக்குப் பார்க்கத் தெரிந்த கெட்டிக்கார விவசாயிகள்.

இதைப் படித்துவிட்டுச் சீட்டு என்றாலே மோசடி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1982-ஆம் வருஷச் சட்டப்படி பதிவான சீட்டு என்றால், நடத்துகிறவர் முழுச் சீட்டுத் தொகைக்கும் ஈடான ஜாமீனைப் பதிவாளரிடம் கட்டியாக வேண்டும். அவருடைய கமிஷனுக்கு உச்சவரம்பு உண்டு. 2019 வரை 5 சதவீதம், அதற்குப் பிறகு 7. அதாவது நேர்மையான சீட்டில் எல்லாமே மெதுவாக, சலிப்பாக, கையெழுத்தும் ரசீதுமாக நடக்கும். ஒரு டூயட்டுக்குக்கூடப் பிரயோஜனப்படாது. அந்தச் சலிப்புதான் அதற்கு அடையாளமே.

இயக்குனர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம். முன்னேற்றப் பாட்டை எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை, ஐயையோ! நானே முதல் நாள் வந்துவிடுவேன். கடப்பாரை, செங்கல், கார் எல்லாம் இருக்கட்டும். நடுவில் ஒரே ஒரு ஷாட் சேருங்கள். ஹீரோ மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நீட்டப்பட்ட பத்திரத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறார். நீட்டியவன் முகம் மாறுகிறது. ஹீரோ பேனாவை மூடிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு எழுந்து போகிறார், ஸ்லோமோஷனில்.

அதற்கு நான் அடிக்கிற விசில் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.