வெளியேறும் காட்சி மட்டும்

இலங்கையில் எடுக்கப்பட்ட படங்களில் வடபுல முஸ்லிம்களின் 1990 வெளியேற்றம் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணப் போனால், நான் பார்த்தவரை மூன்று விரல் மடங்கும். பிரசன்ன விதானகே 2003இல் எடுத்த 'இர மெதியம' ஒன்று. வெளிநாட்டு விழாக்களில் அதற்கு 'ஓகஸ்ட் சன்' என்று பெயர். மற்ற இரண்டும் சுமதி சிவமோகன் எடுத்தவை: 'த சிங்கிள் டம்ளர்' என்ற கதைப்படம், 'அமிட்ஸ்ட் த வில்லுஸ்: பாலைக்குளி' என்ற ஆவணப்படம். ஒருவர் சிங்களவர், மற்றவர் யாழ்ப்பாணத்துத் தமிழர். நம்மவர் எடுத்தது இந்தக் கணக்கில் ஒன்றும் இல்லை. அதைவிட எனக்கு உறுத்துவது, எடுத்ததையாவது நம்மவர் பார்த்தார்களா என்பதுதான்.

நான் இருப்பது கிளிநொச்சி மாவட்டத்தில், ஸ்கந்தபுரத்தில். தமிழ் படிப்பிக்கிறேன். இங்கே படம் என்றால் பஸ்ஸில் போடும் விஜய் படம், இல்லாவிட்டால் போனில் வருவது. இந்த மாதிரிப் படங்கள் தானாக நம்மைத் தேடி வராது. 2015இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழாவுக்கு லீவு போட்டுவிட்டுப் போக வேண்டும். கொழும்பில் ஒரு கலாசார நிலையத்தில் ஒரே ஒரு காட்சி போடுவார்கள். இல்லையென்றால் யாரோ ஒரு நண்பர் பென்டிரைவில் கொண்டுவந்து தருவார். 'இர மெதியம' எனக்கு அப்படி வந்ததுதான்.

அந்தப் படத்தில் ஒரே காலத்தில் நடக்கும் மூன்று கதைகள். காணாமற்போன விமானியான கணவனைத் தேடும் ஒரு பெண். லீவில் வரும் ஓர் இளம் சிப்பாய். மூன்றாவது, அரபாத் என்ற பதினொரு வயதுப் பையன். புலிகள் முழு முஸ்லிம் கிராமத்தையும் வெளியேறச் சொல்கிறார்கள். அரபாத்தின் கவலை ஒன்றுதான்: தன் நாயை எப்படியாவது கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

முஸ்லிம் வீட்டில் நாயா என்று நம் வாசகர்களில் பாதிப்பேர் இந்த இடத்திலேயே நெற்றியைச் சுருக்குவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு மௌலவி, படத்தைப் பார்க்காமலேயே, "டைரக்டருக்கு நம்மட மார்க்கம் தெரியாது" என்று முடித்துவிட்டார். நாம் ஷாபிஈ மத்ஹபுக்காரர், நாயின் ஈரம் பட்டால் ஏழு முறை, அதில் ஒரு முறை மண்ணால், கழுவுகிறவர்கள். ஆனால் வயலுக்கும் ஆட்டுக்கும் காவலாக வைப்பதற்கு அனுமதி உண்டு என்பதையும் அதே மத்ஹபுதான் சொல்கிறது. வடக்கில் மாடு வைத்திருந்த முஸ்லிம் குடும்பங்களின் முற்றத்தில் நாய் கிடந்தது ஒன்றும் அதிசயமில்லை. விதானகே இதையெல்லாம் யோசித்தாரோ இல்லையோ, அந்த நாய் படத்துக்குச் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. நகையைச் சேலைத் தலைப்பில் முடியலாம், உறுதியை இடுப்பில் சொருகலாம். நாயை எதிலும் ஒளிக்க முடியாது. கொண்டுபோகக் கூடியது எது, விட்டுப்போக வேண்டியது எது என்ற கணக்கைப் பெரியவர்கள் போட்டுவிட்டார்கள். அந்தக் கணக்கு விளங்காத ஒருவன் அந்தக் குடும்பத்தில் அவன் மட்டும்தான்.

படத்தில் எனக்குப் பிடிக்காத விஷயம் காலம். கதைகள் மூன்றும் தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நடக்கின்றன. நிஜத்தில் நடந்தது 1990 ஒக்டோபரில். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு அந்த 30ஆம் திகதி கிடைத்தது இரண்டு மணித்தியாலம். ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000க்கும் மேற்பட்டவர்கள் சில நாட்களுக்குள் போனார்கள். மூன்று கதைகளையும் ஒரே வெயிலுக்குள் நிறுத்துவதற்காக இயக்குநர் அந்த ஒக்டோபரைப் பெயர்த்து எடுத்திருக்கிறார். கலைக்கு அந்தச் சுதந்திரம் உண்டு என்பார்கள், உண்டுதான். ஆனால் ஒரு சம்பவத்தைப் பற்றிப் பத்துப் படம் இருந்தால் ஒன்றில் திகதி மாறுவது பெரிய விஷயமில்லை. இருப்பதே இதுதான் என்றால், பார்க்கிற பிள்ளை இதைத்தான் வரலாறாக எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு குறை, அதுதான் பெரியது. படம் வெளியேறுவதோடு நின்றுவிடுகிறது. போனவர்கள் போய்ச் சேர்ந்தார்களே, அது எங்கே?

நான் கற்பிட்டிப் பக்கத்தான். மன்னாரிலிருந்து வள்ளங்கள் வந்து இறங்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் வந்தவர்கள் தங்கினார்கள். மேசைகளைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் பிள்ளைகளைப் படுக்க வைத்திருந்தார்கள். பிறகு வகுப்புத் தொடங்கியபோது ஒரு வாங்கில் ஐந்து பேர். அவர்கள் பேசிய தமிழ் எங்களுக்குச் சிரிப்பு, எங்களுடையது அவர்களுக்குச் சிரிப்பு. கொஞ்ச நாளில் 'அகதி' என்பது பெயராகிவிட்டது. பையனுக்கு வாப்பா வைத்த பெயரை வாத்தியார் மட்டும்தான் கூப்பிட்டார். ஒரே மார்க்கம், ஒரே மொழி, இருந்தும் குழாயடியில் வரிசை, கூலிவேலையில் போட்டி.

இந்த வந்துசேர்தலுக்கு நம்மிடம் படம் இல்லை. ஈரானியர்களிடம் இருக்கிறது. பஹ்ராம் பைசாயி 1986இல் எடுத்து, சில வருடங்கள் வெளிவராமல் கிடந்த 'பாஷூ'. குண்டுவீச்சில் குடும்பத்தை இழந்த தெற்கத்திப் பையன் ஒருவன் லொறியில் ஒளிந்து நாட்டின் வடகோடிக்கு வந்துவிடுகிறான். கறுப்பு நிறம், பேசுவது அரபு. அவனுக்குச் சோறு போடும் நாயி என்ற விவசாயப் பெண் பேசுவது கிலக்கி. ஊர்ப் பிள்ளைகள் அவனை அடிக்கும் இடத்தில், கீழே கிடந்த பாடப் புத்தகத்தை எடுத்து வாசிக்கிறான். எல்லோரும் வாய் பொத்தி நிற்கிறார்கள், ஏனென்றால் அந்தப் புத்தகத்தின் பாரசீகம்தான் அவர்களுக்குள் பொதுவானது. வாத்தியார் என்ற முறையில் அந்தக் காட்சியை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். ஈரான் படம் என்றவுடன் நம் இயக்கங்கள் சில முகம் சுளிக்கும். சுளிக்கட்டும். கற்பிட்டி, புத்தளம் முகாம்களைப் பற்றி ஒரு படம் எடுக்க நினைக்கும் நம் வீட்டுப் பிள்ளைக்கு, கையைப் பிடித்து வழிகாட்டக்கூடிய படம் அது.

சுமதி சிவமோகனுக்கு வருவோம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர், 1989 செப்டெம்பரில் சுட்டுக்கொல்லப்பட்ட ராஜினி திராணகமவின் தங்கை. மலையகத் தமிழரைப் பற்றி அவர் எடுத்த 'இங்கிருந்து'வும் (2013) தேடிப் பார்க்க வேண்டியதுதான். 'த சிங்கிள் டம்ளர்' ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. புலம்பெயர்ந்து போன மகள் திரும்பி வருகிறாள். வீட்டுக்குள் பேசப்படாமல் கிடக்கும் இழப்புகளுக்கிடையில் முஸ்லிம்களின் வெளியேற்றமும் கிடக்கிறது. படம் மெதுவாகப் போகும், சில இடங்களில் நாடக மேடை மாதிரி வசனம் நீளும். இருந்தும் விதானகே தொடாத ஒன்றை இது தொடுகிறது. துரத்தினவர், துரத்தப்பட்டவர் என்ற இரண்டு பேருக்கு அப்பால், வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த அயலவர் ஒருவரும் இருந்தார். அவருக்கும் இதில் ஒரு கதை உண்டு. இது அந்தக் கதை.

'பாலைக்குளி'யோ திரும்பி வந்தவர்களின் படம். பாலைப்பழக் காலம் எப்படி இருக்கும் என்று வன்னியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்த மரத்தின் பெயரைத் தாங்கிய முசலிப் பிரதேசத்துக் கிராமம். வில்லு என்பது அந்தக் காட்டில் இயற்கையாக நீர் தேங்கும் இடம். இருபது வருடம் ஆள் இல்லாத ஊரில் காடு ஏறாமல் என்ன செய்யும்? திரும்பி வந்து வெட்டினால் "வில்பத்துவை அழிக்கிறார்கள்" என்று கொழும்பில் கூச்சல். 2017இல் மாவில்லுக் காட்டைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த வர்த்தமானியில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி மக்கள் தங்களுடையது என்று சொல்லும் நிலமும் அகப்பட்டுக்கொண்டது. அகத்திணையில் பாலை பிரிவுக்கு, முல்லை இருத்தலுக்கு என்று வகுப்பில் படிப்பிக்கிறோம். நம்மைப் பற்றிய படங்கள் எல்லாம் பாலைத்திணைதான். பாலை என்று பெயர் வைத்த இந்தச் சின்ன ஆவணப்படம்தான் இருத்தலைப் பற்றிப் பேசுகிறது. மூன்றில் ஒன்றைத்தான் பார்க்க நேரமுண்டு என்றால் இதைப் பாருங்கள் என்பேன்.

தேடிப் போனால் பக்கத்தில் வேறும் கிடைக்கும். தர்மசேன பத்திராஜா யாழ்ப்பாணத்தில் எடுத்த 'பொன்மணி' (1977), சாதியைப் பற்றி. அசோக ஹந்தகமவின் 'இனி அவன்' (2012), ஊருக்குத் திரும்பும் முன்னாள் போராளியைப் பற்றி. மறைந்த தர்ஷன் தர்மராஜின் நடிப்புக்காகவே பார்க்கலாம். கனடாவில் லெனின் எம். சிவம் எடுத்த 'எ கன் அண்ட் எ ரிங்' (2013) குற்றக் கதையின் வேகத்தில் போவது. மதிசுதா ஐபோனில் படமாக்கிய 'வெந்து தணிந்தது காடு' இந்த வன்னி மண்ணின் பதுங்குகுழிக்குள் நடப்பது. எல்லாம் நல்ல படம் என்று சொல்லவில்லை, மதிசுதாவின் படத்தில் சத்தம் கூட. ஆனால் இவை எதிலும் தென்னிந்தியத் தமிழைக் கடன் வாங்கவில்லை.

இவை கண்ணில் படாததற்குக் காசும் தியேட்டரும் மட்டும் காரணமில்லை. விதானகேயின் 'புரஹந்த களுவர' 2000இல் அரசால் நிறுத்தப்பட்டு, உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் வெளியானது. அவருடைய 'வித் யூ வித்தவுட் யூ' 2014இல் சென்னையில் மிரட்டலால் நின்றது. தமிழ் இயக்கங்களின் உள்வன்முறையைப் பேசிய ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பரடைஸ்', 2018 யாழ்ப்பாண விழாவிலிருந்து எதிர்ப்பினால் எடுக்கப்பட்டது. மூன்று இடத்திலும் நிறுத்தினவர்கள் வேறு வேறு ஆட்கள்.

போன வருடம் ரியூஷன் முடிந்த ஒரு பின்னேரம், அரபாத்தின் பகுதியை மட்டும் லெப்டொப்பில் சில பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். எல்லோரும் 2009க்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்தவர்கள். அதற்கு முன் ஒருத்தி கேட்டிருந்தாள்: "சேர், யாழ்ப்பாணத்திலயும் முஸ்லிம் ஆக்கள் இருந்தவையோ?" படம் முடிந்த பிறகு அரசியல் எதுவும் கேட்கவில்லை. நாய்க்கு என்ன நடந்தது என்றுதான் கேட்டார்கள். பின்வரிசையில் இருந்த பொடியன் சொன்னான்: "எங்கட அம்மாவும் நாயை அவிட்டு விட்டிட்டுத்தான் முள்ளிவாய்க்கால் பக்கம் போனவ. திரும்பி வரேக்க அது இல்லை."

அந்தப் பிரதி இப்போது அவனிடம் இருக்கிறது. 'பாலைக்குளி'யையும் கேட்டிருக்கிறான்.