சோதனைத் தளத்திலிருந்து நேரடித் தளத்துக்கு: கேரளத்திலும் இலங்கையிலும்

புதுப்பிக்கப்படும் இணையதளத்தின் வேலை மக்கள் பார்த்துக்கொண்டிருக்கும் தளத்தில் நடப்பதில்லை. அதன் நகலைத் தனி சர்வரில் வைத்து, அங்கே கட்டி முடித்து, சரிபார்த்த பிறகே பழைய முகவரிக்கு மாற்றுகிறார்கள். அந்த நகல் சோதனைத் தளம். மாற்றியபின் இருப்பது நேரடித் தளம். மாற்றும் வேலை சில நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கு முன் எதைச் சரிபார்க்க வேண்டும், தவறினால் எப்படித் திரும்புவது என்பவற்றில்தான் இந்தியாவின் வழக்கமும் இலங்கையின் வழக்கமும் வேறுபடுகின்றன.

திருவனந்தபுரம் மாவட்டத்துப் போனக்காட்டை எடுத்துக்கொள்ளலாம். 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்கு நடப்பவர்கள் இங்கிருந்துதான் புறப்படுகிறார்கள். கேரள வனத்துறை ஆண்டுத் தொடக்கத்தில் சில வாரங்களுக்கு மட்டும் இணையவழி முன்பதிவு திறக்கிறது. பெண்களுக்கு இருந்த தடை நீங்கியபின் வந்த 2019 பருவத்தில், ஜனவரி 14 முதல் மார்ச் 1 வரை 47 நாள், நாளுக்கு 100 பேர் என மொத்தம் 4700 இடங்கள். ஆண்டின் பெரும்பகுதி அமைதியாகக் கிடக்கும் பக்கத்துக்கு, முன்பதிவு தொடங்கும் நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக வருகிறார்கள். சோதனைத் தளத்தில் ஐந்து பேர் அழுத்திப் பார்த்து ‘ஓடுகிறது’ என்று சொல்வது இத்தகைய தளத்துக்கு எதையும் நிரூபிக்காது. போலிப் பயனர்களை ஆயிரக்கணக்கில் ஏவிச் சுமையைச் சோதிக்க வேண்டும். தளத்தை மாற்றும் நாளையும் ஜனவரிக்கு வெகு முன்னே, மழைக்காலத்திலேயே வைத்துவிட வேண்டும்.

இந்திய அரசுத் தளங்களுக்கு வாசலில் நிற்கும் காவல் பாதுகாப்புத் தணிக்கை. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அங்கீகரித்த தணிக்கையாளர் சோதனைத் தளத்தைத் துருவிப் பார்த்துச் சான்று தந்தால்தான் தேசியத் தகவலியல் மையம் அதைத் தன் சர்வரில் ஏற்றும். அரசுத் தளங்கள் எப்படி அமைய வேண்டும் என்பதற்கான வழிகாட்டி விதிகள் 2009இல் வந்தன. மூன்றாம் பதிப்பு 2023இல் வெளியானது. இந்த ஒழுங்கு நல்லதே. ஆனால் சான்று வாங்கிய பிறகு ‘ஒரு சின்ன திருத்தம்’ என்று நிரலில் கைவைத்தால், தணிக்கை செய்தது ஒன்று, மக்களிடம் போவது வேறொன்று என்றாகிவிடும். சான்று கைக்கு வந்ததும் சோதனைத் தளத்தைப் பூட்டிவிடுவதே முறை.

இலங்கையில் முதலில் நிற்கும் காவல் மொழி. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. எனவே திணைக்களமொன்றின் இணையத்தளம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் மும்முறை சரிபார்க்க வேண்டும். ஒரு மொழி பின்தங்கினாலும் மாற்றம் அரைகுறைதான். பெரும்பாலும் பின்தங்குவது தமிழ். கேரளத்தில் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதம் எழுத இடம் தருகிறது. அது கடிதப் போக்குவரத்துக்கான ஏற்பாடு, இணையதளத்துக்கானது அல்ல. முடங்கிக் கிடக்கும் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தின் லயங்களில் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளில்) தமிழ் பேசுவோர் வாழ்கிறார்கள். இலங்கை மலையக லயத்தில் இருப்பவர் அரசுப் பக்கம் தமிழில் இல்லையென்றால் உரிமையாகக் கேட்கலாம். அந்த உரிமை போனக்காட்டு லயத்தில் இருப்பவர்களுக்கும் இருக்க வேண்டும்.

மொழியோடு எழுத்தும் இடம் மாறுகிறது. நுட்பமான சிக்கல் இங்கேதான். பழைய இலங்கைத் தமிழ்ப் பக்கங்கள் பாமினி எழுத்துருவிலும், சிங்களப் பக்கங்கள் எஃப்.எம். அபயாவிலும், மலையாளப் பக்கங்கள் கார்த்திகா, ரேவதி எழுத்துருக்களிலும் இருந்தன. அவற்றை யூனிகோடாக மாற்றாமல் ஏற்றினால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். அது கண்ணுக்குத் தெரியும் பிழை. தெரியாத பிழைதான் ஆபத்து. ‘போனக்காடு’ என்பதன் முதலெழுத்தை ஒரே ஓகாரக் குறியாலும் எழுதலாம். ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாக இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோடும் இரண்டையும் சமம் என்கிறது. ஆனால் குறியீடுகளை அப்படியே ஒப்பிடும் டேட்டாபேஸ், ஒன்றைத் தேடினால் மற்றதைக் காட்டாது. அகத்தியர்கூடத்தின் மலையாளப் பெயரில் வரும் ரகரச் சில்லு (உயிரின்றித் தனித்து நிற்கும் மெய்யெழுத்து) இன்னும் கடினம். 2008இல் யூனிகோட் 5.1 சில்லெழுத்துகளுக்குத் தனிக் குறியீடு தந்தது. அதற்கு முன் மெய்யோடு கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறி சேர்த்தே எழுதினார்கள். பழைய பதிவும் புதிய பதிவும் தாமாகப் பொருந்தா; மாற்றித்தான் சேர்க்க வேண்டும். இலங்கையில் நாட்டின் பெயரே இந்தச் சோதனைக்குள் வருகிறது. சிங்களத்தில் ‘ஸ்ரீ’ எழுத அதே இணைப்புக்குறி வேண்டும். தரவை நகர்த்தும் நிரல் அதைத் தேவையற்ற குறியென்று நீக்கினால், ‘ஸ்ரீ லங்கா’ முகப்பிலேயே உடைந்து நிற்கும்.

திரும்பும் வழியில் இரு நாடுகளின் அனுபவமும் எதிரெதிர். இந்திய வருமான வரித்துறை 2021 ஜூன் 1 முதல் 6 வரை பழைய தளத்தை மூடி, 7ஆம் தேதி புதியதைத் திறந்தது. கோளாறுகள் தொடர்ந்தன, ஆகஸ்டில் தளம் இரண்டு நாள் கிடைக்காமலும் போனது. பழையதற்குத் திரும்பவில்லை, கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவை டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். இலங்கை 2024 ஏப்ரலில் விசா விண்ணப்பத்தைப் பழைய ஈ.டி.ஏ. (மின்னணுப் பயண அனுமதி) தளத்திலிருந்து புதிய தளத்துக்கு மாற்றியது. அதை எதிர்த்து வழக்கு எழுந்து, ஆகஸ்ட் 2இல் இலங்கையின் உச்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றம் பழைய முறைக்கே திரும்ப இடைக்கால உத்தரவிட்டது. செப்டம்பர் இறுதியில்தான் பழைய தளம் மீண்டும் இயங்கியது. பழைய சர்வரை அணைக்காமல், அதன் தரவோடு சில மாதம் காப்பது இரு நாட்டுக்கும் பொருந்தும். பேக்கப்பும் வேறிடத்தில், வலையோடு தொடர்பின்றி இருக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசு கிளவுட் ரான்சம்வேருக்கு இலக்கானபோது மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் போயின.

மாற்றும் நாளின் வேலை இரு நாட்டிலும் ஒன்றே. டொமைன் முகவரி மற்ற சர்வர்களின் நினைவில் நிற்கும் காலத்தை ஒரு நாளிலிருந்து ஐந்து நிமிடமாக முன்கூட்டியே குறைத்துவைத்தால், மாற்றம் விரைவாகப் பரவும். தேடுபொறிகள் நுழையாதபடி சோதனைத் தளத்தில் இட்ட தடையை நீக்க வேண்டும். மறந்தால் தளம் தேடலிலிருந்தே மறைந்துவிடும். பணம் செலுத்தும் பக்கத்தில் சோதனைச் சாவியை எடுத்து உண்மைச் சாவியைப் பொருத்தி, ஒருவர் தன் பணத்தில் ஒரு சீட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். பழைய பக்க முகவரிகள் புதியவற்றுக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடப்பட வேண்டும். மாற்றத்துக்கு முந்தைய இரவு முன்பதிவு செய்தவரின் பதிவெண்ணும் புதிய டேட்டாபேஸில் இருக்கிறதா என்று கடைசியாக ஒப்பிட வேண்டும். கைப்பேசி அலை அரிதான போனக்காட்டுச் சாவடியில், விடுபட்ட எண்ணைத் தேடிச் சேர்க்க வழியிருக்காது.