கோல் விழுந்த பிறகு

ஐஸ் ஹாக்கி ஆட்டத்தையே பார்த்திராத வாசகர்கூட அந்த ஆட்டத்தின் புகைப்படம் ஒன்றை எங்காவது பார்த்திருக்கக் கூடும். ஒரு வாலிபர் பனித்தரையிலிருந்து மேலே கிளம்பி, கைகளை நீட்டிக்கொண்டு, படுத்த வாக்கில் காற்றில் மிதக்கிறார். பாபி ஆர் என்ற பாஸ்டன் ஆட்டக்காரர் அவர். படம் எடுத்த நாள் 1970 மே 10. ஹாக்கிப் படங்களில் இதற்கு மேல் ஒன்று கிடையாது என்பது ரசிகர்களின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பில் எனக்குச் சம்மதமில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அந்தத் தொழிலின் கஷ்டத்தைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் குறை சொல்வது நியாயமாகாது. அமெரிக்க ஆடுகளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். ஆடும் பொருள் பந்தல்ல. மூன்று அங்குலக் குறுக்களவும் ஓர் அங்குலக் கனமும் உள்ள கறுப்பு ரப்பர் வட்டு. வேகமாக அடித்தால் மணிக்கு 100 மைலையும் தாண்டிப் பறக்கும். புகைப்படக்காரர் களத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவரை ஒட்டி உட்காருகிறார். எதிரே கண்ணாடித் தடுப்பு. வட்டும் மட்டையும் பட்டுப் பட்டு அதில் கீறல் விழுந்திருக்கும். பின்னாலிருக்கும் விளக்குகள் அதில் பேயாகத் தெரியும். காமிராவைக் கண்ணாடியோடு ஒட்டி நேராகப் பிடித்தால் ஒருவாறு தப்பலாம். சில இடங்களில் காமிராவின் மூக்கை நுழைக்கக் கண்ணாடியிலே துவாரம் விட்டிருப்பார்கள். படம் தெளிவாக வரும். ஆனால் காமிரா நுழையும் வழியில் வட்டும் வரலாமே!

இதெல்லாம் போக, பனிக்கட்டி ஒரு பொய்க்காரி. ஒளியை அளக்கும் கருவி அந்த வெண்மையைக் கண்டு மிரண்டு, ‘வெளிச்சம் அதிகம், குறை’ என்கிறது. அதன் பேச்சைக் கேட்டால் பனித்தரை அடுப்புச் சாம்பல் நிறத்தில் வந்து சேரும். முகங்கள் இருண்டு போகும். கருவி சொல்வதைவிடக் கூடுதலாக வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். எவ்வளவு என்பது எடுப்பவரின் அனுபவம். அதோடு, ஒரு விநாடியில் ஐந்நூறில், ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும்.

இவ்வளவையும் சமாளித்து ரே லூஸியர் அந்தப் படத்தை எடுத்தார். பாஸ்டனின் ரெக்கார்ட் அமெரிக்கன் பத்திரிகையைச் சேர்ந்தவர். ஸ்டான்லி கோப்பையின் நாலாவது இறுதி ஆட்டம். எதிரி ஸெயின்ட் லூயிஸ். கூடுதல் நேரம் தொடங்கி 40-வது விநாடியில் ஆர் கோல் போட்டார். 1941-க்குப் பிறகு பாஸ்டனுக்குக் கிடைத்த முதல் கோப்பை. லூஸியர் அந்த முனையில் உட்கார வேண்டியவரே இல்லை என்று சொல்வார்கள். அங்கே இருந்த இன்னொரு புகைப்படக்காரர் பீர் குடிக்க எழுந்து போயிருந்தாராம். காலியான ஆசனத்தில் இவர் போய் உட்கார்ந்துவிட்டாராம். ‘வெறும் அதிர்ஷ்டம்’ என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாஸ்டன் எந்த முனையில் கோல் போடும் என்று கணக்குப் போட்டுத்தானே மனிதர் இடம் மாறினார்? எழுந்து போனவரைக் கேட்டால் அதிர்ஷ்டத்தின் அருமையைச் சொல்வார்!

எனக்குள்ள குறை வேறு. கோல் போட்டவுடன் எதிரணியின் நோயல் பிக்கார்ட் மட்டையால் ஆரின் காலை வாரிவிட்டார். அதனால்தான் அந்தப் பறத்தல். ஆனால் படத்தில் நம் கண் ஆரை விட்டு நகர்வதே இல்லை. தோற்றுப்போன கோல் காவலர் க்ளென் ஹால், அந்தக் காலத்தின் தலைசிறந்த காவலர்களில் ஒருவர், பின்னால் நாடகத்துப் படுதா மாதிரி நிற்கிறார். 2010-ல் பாஸ்டன் அரங்கத்துக்கு வெளியே இதையே வெண்கலத்தில் வார்த்து வைத்தார்கள். அதில் ஹாலும் இல்லை, பிக்கார்டும் இல்லை. அவர்களை நீக்கியதால் ஒன்றும் குறைந்துபோகவில்லை என்பதே படத்தின் பலவீனம்.

1972 செப்டம்பர் 28-ல் மாஸ்கோவில் எடுத்த படத்தில் அப்படி நீக்க முடியாது. கனடாவும் சோவியத் அணியும் மோதிய எட்டாவது ஆட்டம். 34 விநாடிதான் பாக்கி. பால் ஹெண்டர்ஸன் கோல் போட்டார். கூர்னுவாயே அவரைக் கட்டிக்கொள்கிறார். அருகே, இருபதே வயதான காவலர் ட்ரெட்யாக் பனியில் மல்லாந்து கிடக்கிறார். டொரான்டோ ஸ்டார் பத்திரிகையின் பிராங்க் லென்னன் எடுத்தது இது. டெனிஸ் ப்ரோடர் என்பவரும் அதே கணத்தை ஏறக்குறைய அப்படியே எடுத்திருக்கிறார். அவர் 1956 ஒலிம்பிக்கில் கனடாவின் கோல் காவலராக இருந்து வெண்கலப் பதக்கம் பெற்றவர். கீழே கிடப்பவரின் நிலை இன்னதென்று அறிந்த ஒருவரும் அங்கே காமிராவும் கையுமாக இருந்தார் என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

கோல் விழுகிற கணம் நல்ல படமாவது அபூர்வம். இப்போதெல்லாம் வலைக்குள்ளேயே காமிராவைப் பொருத்தி, தூரத்திலிருந்து இயக்கி, வட்டு உள்ளே நுழைவதைப் பளிச்சென்று பிடித்துவிடுகிறார்கள். கோர்ட்டில் சாட்சியம் சொல்லப் பயன்படும். கதை எழுதுகிறவனுக்கு வட்டு உள்ளே போன பிறகுதான் வேலை.

அதனால் நான் முதலிடம் கொடுப்பது இவற்றிலெல்லாம் பழைய படத்துக்கு. 1952 ஏப்ரல் 8, மான்ட்ரியால் போரம் அரங்கம். எடுத்தவர் ரோஜர் ஸான் ழான். அதிலே யாரும் பறக்கவில்லை. கோலும் இல்லை, வட்டும் இல்லை. மான்ட்ரியாலின் மாரிஸ் ரிஷார் அன்று மோதலில் நினைவிழந்து, நெற்றியில் கட்டுப் போட்டுக்கொண்டு கடைசிப் பகுதியில் திரும்பி வந்து, பாஸ்டனைத் தோற்கடித்த கோலைப் போட்டவர். ஒரு தொடர் முடிந்ததும் இரு கட்சியாரும் வரிசையாக நின்று கை குலுக்குவது அந்த விளையாட்டின் மரபு. படத்தில் ரிஷார் நிற்கிறார். முகத்தில் ரத்தம் வழிகிறது. அவர் கையைப் பற்றியிருப்பவர் பாஸ்டன் காவலர் ஜிம் ஹென்றி. அவருக்கும் அடிபட்டுக் கண்ணைச் சுற்றிக் கறுத்திருக்கிறது. ஹென்றி சற்றே குனிந்திருக்கிறார். உடம்பு அலுத்துக் குனிந்தாரா, மரியாதைக்குக் குனிந்தாரா என்று எத்தனை தடவை பார்த்தாலும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. ரிஷாரின் முகத்தில் வெற்றியின் களையே காணோம். இரண்டு பேரில் யாரை மறைத்தாலும் படம் செத்துப் போகும். கட்டை விரலால் மறைத்துப் பாருங்கள், தெரியும்.

அந்த வருஷத்துக் கோப்பை மான்ட்ரியாலுக்குக் கிடைக்கவில்லை. இறுதித் தொடரில் டெட்ராய்ட் அணி நாலு ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்துவிட்டது. அப்போது தோற்றவர் வரிசையில் நின்று ரிஷார் கை குலுக்கியதை எவராவது படம் எடுத்திருந்தால், இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஆசை.