கோப்பு போய்ச் சேர்ந்ததா? – எஃப்.டி.பி. நெறிமுறை பற்றி ஒரு மதிப்பீடு

கணிப்பொறி கற்கும் மாணவர்களுக்கு அடிக்கடி கொடுக்கப்படும் பயிற்சிகளுள் ஒன்று, ஒரு கோப்பைத் தொலைவிலுள்ள சர்வருக்கு அனுப்பும் நிரல். பைத்தான் மொழியில் இது ஆறே வரி. எஃப்.டி.பி. நூலகத்தை அழைக்க ஒரு வரி. சர்வரோடு இணைய ஒரு வரி. பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்க ஒரு வரி. கோப்பைத் திறந்து அனுப்ப இரண்டு வரி. விடைபெற ஒரு வரி. ஏழாவதாக, ‘கோப்பு அனுப்பப்பட்டது’ என்று திரையில் அச்சிடும் ஒரு வரியையும் சேர்ப்பார்கள். பாடம் அத்துடன் முடிந்துவிடும்.

அந்த ஏழாவது வரியைப் பற்றியதே இக்கட்டுரை. அப்படிச் சொல்வதற்கு நிரலிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவர், ‘புவியீர்ப்பு முடுக்கம் 9.8’ என்று மட்டும் எழுதிவந்தால் நாம் ஏற்றுக்கொள்வதில்லை. எப்படி அளந்தாய், எத்தனை முறை அளந்தாய் என்று கேட்கிறோம். நிரலிடமும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். விடையைத் தேட வேண்டிய இடம், அந்த நெறிமுறையை வகுத்த மூல ஆவணமே. அதையே இங்கு மதிப்பிடப் புகுகிறோம்.

ஆவணத்தின் வரலாறு

நெறிமுறை என்பது, இரண்டு கணிப்பொறிகள் எந்தச் சொற்களால், எந்த வரிசையில் பேசிக்கொள்ள வேண்டும் என்ற உடன்பாடு. கோப்பு மாற்றத்திற்கான முதல் உடன்பாட்டை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண் என்ற இந்தியர். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணி மாணவரான இவர், அப்போது அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் இருந்தார். அவ்வாவணம் பல முறை திருத்தப்பட்டு, 1985 அக்டோபரில் ஜான் போஸ்டல், ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் ஆகிய இருவரால் ஆர்.எஃப்.சி. 959 என்ற எண்ணுடன் வெளியிடப்பட்டது. 69 பக்கங்கள் கொண்ட இதுவே எஃப்.டி.பி.யின் அடிப்படை நூல் எனலாம்.

தொடக்கத்திலேயே இந்நூல் தன் நோக்கங்கள் நான்கு என்று கூறிவிடுகிறது. கோப்புகளைப் பலரும் பகிர்ந்துகொள்ளச் செய்தல். தொலைவிலுள்ள கணிப்பொறிகளை மறைமுகமாகப் பயன்படுத்த ஊக்குவித்தல். கணிப்பொறிக்குக் கணிப்பொறி மாறுபடும் சேமிப்பு முறைகள் பயனருக்குத் தொல்லை தராமல் பார்த்துக்கொள்ளுதல். தரவுகளை நம்பகமாகவும் திறமையாகவும் மாற்றுதல். ஒரு நூலை அதன் நோக்கங்களைக் கொண்டே எடைபோடுவதுதான் நியாயம். முதல் இரண்டும் நிறைவேறின என்பதில் ஐயமில்லை. பின்னிரண்டையும் சற்று உற்று நோக்குவோம்.

பாராட்டத்தக்கது எது?

குறைகளைச் சொல்லுமுன் நிறையைச் சொல்லிவிட வேண்டும். எஃப்.டி.பி. உரையாடலை மனிதர் படிக்க முடியும். சர்வரின் ஒவ்வொரு பதிலும் மூன்று இலக்க எண்ணுடன் தொடங்கும். நிரல் இணைந்தவுடன் 220 என்று வரவேற்பு வரும். பெயரைச் சொன்னால் 331, அதாவது ‘கடவுச்சொல்லும் வேண்டும்’. அதைச் சொன்னால் 230, ‘உள்ளே வரலாம்’. கோப்பை அனுப்பத் தொடங்கும்போது 150, முடிந்ததும் 226.

இந்த எண்களில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதல் இலக்கம் 2 என்றால் வேலை முடிந்தது. 3 என்றால் இன்னும் ஒரு தகவல் தேவை. 4 என்றால் தற்காலிகத் தோல்வி; பிறகு முயலலாம். 5 என்றால் அதே கட்டளையை அப்படியே மறுபடி அனுப்புவதில் பயனில்லை. சேமிக்க இடம் போதவில்லை என்றால் 452. கடவுச்சொல் தவறு என்றால் 530. இந்த வேறுபாட்டை அறியாத நிரல், 530 வந்த பின்னும் அதே கடவுச்சொல்லை நூறு முறை அனுப்பி, சர்வர் தன் கதவை அடைத்துக்கொள்ளும்படி செய்துவிடும். இணையப் பக்கம் கிடைக்காதபோது வரும் 404 என்ற எண்ணும் இதே மூன்றிலக்க மரபில் வந்ததுதான். தோல்வியை வகைப்படுத்திச் சொல்லும் இம்முறை அறிவியல் மனப்பான்மைக்கு நல்ல எடுத்துக்காட்டு.

மூன்றாம் நோக்கம்: வரமே சாபமான கதை

1970களில் கணிப்பொறிகள் ஒன்றுபோல் இல்லை. ஐ.பி.எம். பொறிகள் எழுத்துகளைக் குறிக்க ஆஸ்கி அல்லாத தனிக் குறியீட்டைப் பயன்படுத்தின. பி.டி.பி.-10 போன்ற பொறிகளில் ஒரு சொல்லுக்கு 36 பிட்டுகள். இந்த வேறுபாடுகளைச் சமாளிக்கவே, கோப்பை ‘எழுத்து வகை’யாகவோ ‘இரும வகை’யாகவோ அனுப்பலாம் என்று நூல் விதித்தது. எதுவும் சொல்லாவிட்டால் எழுத்து வகை என்றே பொருள். அன்றைக்கு இது பெரிய உதவி.

இன்று அதுவே விபத்துக்குக் காரணமாகிறது. எழுத்து வகையில் ஒவ்வொரு வரியின் முடிவும் 13, 10 என்ற இரண்டு பைட்டுகளாக அனுப்பப்படும். யூனிக்ஸ் வகைப் பொறிகளில் வரி முடிவு 10 என்ற ஒரே பைட்டு. ஆகவே வழியில் 10 என்பது 13, 10 ஆகும். அல்லது 13, 10 என்பது 10 ஆகச் சுருங்கும். கடிதத்திற்கு இதனால் கேடில்லை. படத்திற்கோ இது நஞ்சு. ஏனெனில் படத்தில் 10 என்பது வரி முடிவு அன்று, ஒரு புள்ளியின் நிறமாக இருக்கலாம். பி.என்.ஜி. படவகையை வகுத்தவர்கள் இதை நன்கு அறிந்திருந்தனர். அவ்வகைக் கோப்பு ஒவ்வொன்றும் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்ற எட்டு பைட்டுகளுடன் தொடங்கும். நடுவில் 13, 10 என்ற இணையையும் இறுதியில் தனி 10ஐயும் வைத்தது, வழியில் யாரேனும் வரி முடிவைத் ‘திருத்தி’யிருந்தால் உடனே கண்டுபிடிப்பதற்காகவே.

தமிழ் வாசகருக்கு இன்னொரு செய்தி. ஆஸ்கியை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட இந்நூலில் தமிழ்ப் பெயருள்ள கோப்புக்கு இடமில்லை. யு.டி.எஃப்.-8 முறையில் ‘ஊசல்’ என்ற பெயர் 12 பைட்டுகள் கொள்ளும். கோப்புப் பெயர்களில் இம்முறையைக் கையாளலாம் என்ற சேர்க்கை 1999இல்தான் வந்தது. பைத்தான் நூலகம் இயல்பாகவே இம்முறைக்கு மாறியது 2020இல் வெளிவந்த 3.9 பதிப்பில்.

நான்காம் நோக்கம்: நம்பகம் எங்கே?

இனி நம் ஏழாவது வரிக்கு வருவோம். வழக்கமான முறையில், கோப்பு முடிந்தது என்பதைச் சர்வர் எப்படி அறிகிறது? அனுப்புபவர் தரவு இணைப்பை மூடிவிட்டால் கோப்பு முடிந்தது என்று பொருள். இத்தனை பைட்டுகள் வர வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லும் கட்டாயம் இல்லை.

இதன் விளைவைப் பாருங்கள். கிடங்குக்கு லாரியில் நெல் மூட்டைகள் அனுப்புகிறோம். எத்தனை மூட்டை என்று சீட்டு எழுதுவதில்லை. லாரி திரும்பிப் போனதும், ‘சரக்கு முழுவதும் வந்தது’ என்று கிடங்குக்காரர் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார். பாதி மூட்டை இறக்கும்போதே லாரி கிளம்பிவிட்டாலும் அவர் அப்படித்தான் எழுதுவார். அனுப்பும் நிரல் நடுவில் செயலிழந்தால், அதன் இணைப்புகளை இயக்க அமைப்பு மூடிவிடுகிறது. சர்வருக்கு அது முறையான முடிவாகவே தோன்றலாம். பாதிக் கோப்பு முழுக் கோப்பின் பெயரிலேயே அங்கு தங்கிவிடும். அதை எடுத்துப் படிப்பவருக்கு எச்சரிக்கை எதுவும் கிடைக்காது.

இதற்கு மருந்து அந்நூலிலேயே இருக்கிறது என்பதுதான் வியப்பு! ‘தொகுதி முறை’ என்று மற்றொரு முறையும் அதில் வகுக்கப்பட்டுள்ளது. அதில் ஒவ்வொரு தொகுதிக்கும் எண்ணிக்கை உண்டு; கோப்பின் முடிவுக்குத் தனிக் குறியும் உண்டு. ஆனால் குறைந்தபட்சம் எவற்றைச் செய்துதர வேண்டும் என்ற பட்டியலில் இம்முறை சேர்க்கப்படவில்லை. கட்டாயமில்லாததைப் பெரும்பாலோர் செய்யவில்லை. நூலாசிரியர்களின் பெரும் பிழை இதுவே என்பது என் கருத்து.

வழியில் பிட்டுகள் சிதைந்தால்? அதைக் கண்டறிய இந்நெறிமுறையில் ஏற்பாடு இல்லை என்றும், அது கீழடுக்கான டி.சி.பி.யின் பொறுப்பு என்றும் நூல் வெளிப்படையாகவே சொல்கிறது. டி.சி.பி.யிடம் இருப்பது 16 பிட் கூட்டுத்தொகை. 3ஐயும் 5ஐயும் கூட்டினாலும், 5ஐயும் 3ஐயும் கூட்டினாலும் விடை 8தானே? அதுபோல, இரண்டு 16 பிட் சொற்கள் இடம் மாறிவிட்டால் இத்தொகை அதைக் காட்டிக்கொடுக்காது. மேலும், சர்வரின் வட்டில் எழுதும்போது நேரும் பிழைக்கும் டி.சி.பி.க்கும் தொடர்பே இல்லை.

திறந்த உறையில் கடவுச்சொல்

கடவுச்சொல் முக்கியமானது, தட்டச்சு செய்யும்போது திரையில் தெரியாமல் மறைப்பது நல்லது என்று நூல் அறிவுறுத்துகிறது. ஆனால் அதே சொல் கம்பி வழியே மறைப்பு ஏதுமின்றிச் செல்கிறது. பக்கத்து நாற்காலிக்காரருக்கு மறைத்துவிட்டு ஊரறிய உரக்கச் சொல்வது போன்றது இது. நம்பிக்கைக்குரிய சிலரே வலையமைப்பில் இருந்த காலத்தின் எச்சம் இது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதை அடுத்து, டாட்டு யுலோனன் எஸ்.எஸ்.எச். என்ற மறைப்பு முறையை உருவாக்கினார். அதன் பின்னும் திறந்த முறையையே பாடமாகச் சொல்லித்தருவதற்குச் சமாதானம் கிடையாது.

உலகம் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது. 2017இல் டெபியன் அமைப்பு தன் பொது எஃப்.டி.பி. சேவையை மூடியது. 2021இல் ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டும் எஃப்.டி.பி.யைக் கைவிட்டன.

அப்படியானால் பாடம் எப்படி இருக்க வேண்டும்?

எஃப்.டி.பி.யை வகுப்பிலிருந்து விரட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. படிக்கக்கூடிய உரையாடல் கொண்ட அது, கண்ணாடியாலான கடிகாரம் போல உள்ளே சுழலும் சக்கரங்களைக் காட்டுகிறது. ஒரே மேசையில் இரண்டு கணிப்பொறிகளை இணைத்து, பொய்யான ஒரு கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு செய்து பார்க்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை. ஆனால் வெளியுலகிற்கு அனுப்பும் நிரலில், டி.எல்.எஸ். மறைப்புடன் கூடிய எஃப்.டி.பி.யையோ, எஸ்.எஸ்.எச். வழியே இயங்கும் எஸ்.எஃப்.டி.பி.யையோதான் கையாள வேண்டும். முன்னதைப் பைத்தானில் எழுதுவோர் ஒன்றை மறக்கக் கூடாது. கடவுச்சொல் தானாகவே மறைக்கப்படும். தரவுகளையும் மறைக்கத் தனிக் கட்டளை கொடுக்க வேண்டும்.

ஏழாவது வரிக்கு முன் வேறு சில வரிகளும் வேண்டும். கோப்பை எப்போதும் இரும வகையில் அனுப்புங்கள். முதலில் ஒரு தற்காலிகப் பெயரில் அனுப்புங்கள். அங்குள்ள கோப்பின் அளவைக் கேட்டு, உங்கள் கோப்பின் அளவோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்திருந்தால் மட்டுமே உண்மையான பெயருக்கு மாற்றுங்கள். பாதிக் கோப்பு முழுப் பெயரோடு உலவும் கேடு இதனால் நீங்கும். அளவு ஒத்திருந்தும் உள்ளடக்கம் மாறியிருக்கக்கூடும் அல்லவா? முக்கியமான கோப்பானால் அதைத் திரும்ப இறக்கி, இரண்டிற்கும் எஸ்.எச்.ஏ.-256 கணக்கிட்டு ஒப்பிடுங்கள். பிழை எண் 4இல் தொடங்கினால் சற்றுப் பொறுத்து மறுபடி முயலட்டும். 5இல் தொடங்கினால் நின்று, காரணத்தைச் சொல்லட்டும்.

ஆறு வரி நிரல் இருபது வரியாகிவிடும். ‘எளிமை போய்விட்டதே’ என்று சிலர் குறைகூறுவர். சரிபார்த்தலை விட்டுவிட்டுப் பெற்ற சுருக்கத்தை எளிமை என்று கொள்ள முடியாது. ஒருமுறை மட்டும் அளந்து, பிழை வரம்பு குறிக்காமல் எழுதிய அளவீடு எப்படியோ, அப்படித்தான் சரிபார்க்காமல் அச்சிடும் ‘கோப்பு அனுப்பப்பட்டது’ என்ற வாக்கியமும். ஆகவே அடுத்த முறை அந்த வரியை எழுதுமுன், அதற்கு மேலுள்ள எந்த வரி அதை நிரூபிக்கிறது என்று விரல் வைத்துக் காட்டிப் பாருங்கள். காட்ட முடிந்தால் எழுதுங்கள்.